கப்பல்: திருமதி பிரிஜித்தா அவர்கள்

பிரிஜித்தாவைக் கப்பலாகப் போட்டிருந்தார்கள்.

கடல் திருவிழா அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, நன்றியுரைக்கு மேலே தனி வரியில் இருந்தது. கப்பல்: திருமதி பிரிஜித்தா அவர்கள். பிற்பகல் நான்கு மணிக்குக் கப்பல் புறப்பாடு.

அழைப்பிதழ் பதினோரு அடி நீளம். எங்கள் காம்பவுண்டுக்குள் விரிக்க இடம் போதவில்லை. தெருவில் விரித்துப் படித்தோம். ஓர் ஆட்டோ நின்றது. டிரைவர் இறங்கிவந்து, தன் பெயர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

"எம் பேரு எங்கட்டி இருக்கு?" என்றேன்.

பிரிஜித்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து தேடினாள். "உம் பேரு இல்ல, உலகு. 'மற்றும் பலர்'னு ஒண்ணு போட்டிருக்கு. அதுக்குள்ள கெடப்ப."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் தாலுகா ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவள். இந்த ஊரில் பாதிப் பேருடைய பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். பிரிஜித்தா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். பத்தொன்பது வருஷமாக அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர். வருஷத்துக்கு ஒரு நாள் இரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் கடல் திருவிழாவுக்குப் போவோம். மக்ரூன் தின்போம். ஐந்தரை மணி பஸ்ஸில் திரும்பிவிடுவோம்.

"கப்பல்னா என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"என்னத்தச் செய்ய. நிக்கணும். நேரம் ஆனா போவணும்."

"திரும்பி வாரது போட்டிருக்கா?"

அவள் மறுபடியும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள்.

"நன்றியுரை வரைக்குந்தான் போட்டிருக்கு" என்றாள்.

நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டாள். மிஷின் மிதித்து மிதித்து அவளுக்கு முழங்கால் போய்விட்டது. படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழக்கம்போல்தான் பிடித்தாள். எனக்கு மட்டும் அது என்னவோபோல் இருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கப்பலா?"

"ஆமா."

"லேடீஸ் சீட்ல உக்காரலாம். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்."

"ஏன் சார்?" என்றேன்.

"வெளிய பாத்துட்டே வந்தா பாதி வழியிலயே கெளம்பிரும். எங்க மச்சினன் ஒருத்தன் அப்படித்தான் போனான். செருப்பு மட்டும் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு."

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பை விரித்து ஜன்னலை மறைத்துக்கொண்டேன். தலைப்புக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. பிரிஜித்தா அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருவிழா வாசலில் ஓர் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜ் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அதன் எடைக்கு அவர் முன்பக்கம் சாய்ந்தே பேசினார்.

"கப்பல் எது?"

"நான் சார்" என்றாள் பிரிஜித்தா.

"கூட வந்தது?"

"சிநேகிதி."

அவர் படிவத்தைப் புரட்டினார். "கப்பல் இருக்கு. மாலுமி இருக்கு. பிரமுகர் இருக்கு. சிநேகிதிக்குக் கட்டம் இல்லையே."

"அப்ப வெறுமனே ஆளுன்னு போட்டுக்கிடுங்க" என்றேன்.

"ஆளுன்னா, இருக்கிறதுக்கு ஆதாரம் வேணும்."

பையிலிருந்து மனுக்களை எடுத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "எல்லாம் அடுத்தவங்க பேர்ல இருக்கு. உங்க பேர்ல ஒண்ணும் இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

பிரிஜித்தா மேசையில் கையை ஊன்றினாள். "அவ இருக்கா சார். பத்தொம்பது வருஷமா சொவத்துக்கு அந்தப் பக்கம் இருமுதா. எனக்குல்லா தெரியும்."

"எழுத்துல வேணும்."

நானே எழுதினேன். மேற்படியார் இருமுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். பிரிஜித்தா கையெழுத்துப் போட்டாள். அதிகாரி என் புறங்கையில் முத்திரை குத்தினார். எனக்கு அது திருப்தியாக இருந்தது.

பிறகு அவளுடைய படிவம். நீளம்: ஐந்தடி ஓர் அங்குலம். கட்டப்பட்ட இடம்: பெரியாஸ்பத்திரி. பழுது: முழங்கால், இரண்டு. அடுத்த துறைமுகம் என்ற கட்டத்துக்கு வந்ததும் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

"என்னட்டி எழுதுன?"

"சும்மா ஒண்ணு."

நான் மனு எழுதுபவள். கை அசைவதைப் பார்த்தே எழுத்தைச் சொல்லிவிடுவேன். அவள் எழுதியது ஓர் ஊரின் பெயர் இல்லை. அதைவிட நீளம்.

உள்ளே கடலைக் காணவில்லை. கடலுக்கு முன்னால் கரை நெடுக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கடல் அச்சடித்திருந்தது. அந்தக் கடலுக்கு மேலே சிறப்பு விருந்தினர் கைகூப்பியபடி உதயமாகிக்கொண்டிருந்தார். ஜனங்கள் வரிசையில் நின்று அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அசல் கடல் பின்னால் சத்தம் போட்டது. கடல் அமைதி காக்கும்படி விழாக் குழுவின் சார்பில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். கடல் கொஞ்சம் அமைதி காத்தது.

ஒரு கூடாரத்தில், தண்ணீரைப் பார்த்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தது. பார்த்தோம். வாங்கிக்கொண்டோம். பக்கத்தில் போலீஸ் பேண்டு வாசித்தது. ஒரே சுரத்தைத்தான் வாசித்தார்கள். மற்ற ஆறுக்கும் அனுமதி இன்னும் வரவில்லையாம்.

மக்ரூன் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். ஒல்லியாக ஓர் ஆள் அளவு நாடாவோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"நீங்க?"

"அளவர். கப்பல் எவ்வளவு ஆழம் முங்கும்னு குறிக்கணும். சரக்கு ஏற ஏற மாறும். நீங்க சாப்பிடுங்க மேடம்."

பிரிஜித்தா ஒரு மக்ரூனை வாயில் போட்டாள். அவர் நாடாவை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இன்னொன்று. மறுபடி குறித்தார்.

"இப்படிப் பாத்துட்டே இருந்தா எப்படி எறங்கும்?" என்றாள்.

அவர் மரியாதையாகத் திரும்பி உட்கார்ந்து, முதுகுப்புறமாக அளந்தார்.

"உனக்கு முந்திரி கூடுதலா இருக்கிறதப் பொறுக்கித் தாரேன்" என்று பிரிஜித்தா பொட்டலத்தைக் கிளறினாள். மக்ரூனில் முந்திரி எது, சர்க்கரை எது என்று வெளியே தெரியாது. ஆனாலும் பொறுக்கினாள். வருஷா வருஷம் பொறுக்குவாள்.

அப்போதுதான் ஃப்ளெக்ஸ் கிழிந்தது. சிறப்பு விருந்தினரின் அக்குளில் ஆரம்பித்துக் கீழே மணல்வரை ஒரே கிழிசல். விழாக் குழுவினர் நான்கு பேர் ஓடி வந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்க தையல் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

பிரிஜித்தா சங்கிலியில் எப்போதும் ஓர் ஊசி குத்தி வைத்திருப்பாள். எழுந்து போனாள். மேலிருந்து தைக்க முக்காலி கொடுத்தார்கள். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூட நிக்கர் தைப்பதுபோல் இரட்டைத் தையலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். விருந்தினரின் அக்குள் முன்னைவிட உறுதியாகிவிட்டது.

பாதி தைத்திருப்பாள். கிழிசல் வழியாகக் கடல் எட்டிப் பார்த்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். ஊசி நின்றுவிட்டது.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல."

"தைச்சு முடி. போவோம்."

"நூலு தீந்துட்டு" என்றாள்.

அவள் கையில் இரண்டு முழம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். நூலை மெதுவாக விரலில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். கிழிசல் வழியாக அந்தப் பக்கம் போய்விட்டாள். தண்ணீருக்குள் கணுக்கால் அளவு நின்றாள்.

"பட்டுச்சேல நனையுதுட்டி. வா."

"உலகு, கால் வலிக்கல."

"என்னது?"

"தண்ணில கால் வலிக்கலட்டி." அவள் ஒரு காலைத் தூக்கி இறக்கினாள். பிறகு அடுத்த காலை. முழங்கால் போன இந்த எட்டு வருஷத்தில் அவள் ஒற்றைக்காலில் நின்று நான் பார்த்ததில்லை.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தேர்வடம் கனத்தில் ஒரு கயிற்றோடு வந்தார். அவளுக்கு வணக்கம் சொன்னார். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கரையில் கப்பல் கட்டும் இரும்புக் குற்றியில் மாட்டினார்.

"இத எப்ப அவுப்பிய?" என்று கேட்டேன்.

"நன்றியுரை முடிஞ்சதும் அவுத்துருவோம்மா. கப்பல் போயிரும்."

"அதுக்கு முன்னால?"

"நன்றி சொல்லாம எந்தக் கப்பலையும் அவுத்தது கிடையாது. மரபு."

"நன்றியுரை எப்ப?"

"வரவேற்புரை முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன வருஷத்து வரவேற்புரையே இன்னைக்குக் காலையிலதானம்மா முடிஞ்சுது."

எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

மேடைக்குப் போனேன். தங்கமாரியப்பன் என்பவர் வரவேற்றுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து வரவேற்கிறார். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை வந்திருந்தது. அதை நடு நாற்காலியில் உட்காரவைத்து, அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது மடிந்து ஏற்றுக்கொண்டது. மூன்றாவது வரிசையில், அழைப்பிதழில் போட்டிருந்த அந்த நான்கு மணி உட்கார்ந்திருந்தது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். தன்னைக் கூப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் போல. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தது.

"... அண்ணன் அவர்களே, அவரது அருமைச் சகோதரர் அவர்களே, அச்சகோதரருக்கு வாகனம் ஓட்டி வந்திருக்கும் தம்பி அவர்களே" என்றார் தங்கமாரியப்பன். ஒவ்வொரு 'அவர்களே'க்கும் மேடையில் ஒரு நாற்காலி முளைத்தது. மேடை ஒன்றரை அடி நீண்டது. யார் பெயரையும் விட முடியாது. பெயர் விடுபட்டவர் எழுந்து போய்விடுவார். அவரோடு இரண்டு வேன் ஆட்களும் போய்விடுவார்கள்.

மேடைக்குக் கீழேயிருந்து துண்டுச்சீட்டு கொடுத்தால் வாங்கி வாசிப்பார்கள். எந்த விழாவிலும் அப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் மனுத்தாளைக் கிழித்து முதல் சீட்டை எழுதினேன். எங்கள் காம்பவுண்டு ஓனர்.

தங்கமாரியப்பன் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நமது காம்பவுண்டின் உரிமையாளர், பெருமதிப்பிற்குரிய சிவனணைந்த பெருமாள் அவர்களே" என்றார். ஓனர் எங்கிருந்தோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் லாரி ஓட்டுபவர். ரேஷன் கடை எடையாளர். தபால்காரர். அவருக்கு முந்தைய தபால்காரர். பிறகு என் மனுக்காரர்களை எழுத ஆரம்பித்தேன். முதியோர் பென்ஷன் கேட்டவர்கள், பட்டா மாற்றக் கேட்டவர்கள், சாதிச் சான்றிதழில் தகப்பன் பெயர் தப்பாகிப் போனவர்கள். எல்லோருடைய பெயரும் எனக்கு இனிஷியலோடு மனப்பாடம். ஒவ்வொருவராக வந்து மேடையேறினார்கள். பதினான்கு வருஷமாகப் பட்டாவுக்கு அலைந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் பட்டாவை மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அதைச் செய்வதற்கு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேடை நீண்டு மக்ரூன் கடையைத் தாண்டியது. கார் நிறுத்துமிடத்தைத் தாண்டியது. கடைசி நாற்காலி அடுத்த மாவட்டத்தில் போடப்பட்டிருப்பதாகவும், அங்குள்ளவர்கள் அதைப் பெருந்தன்மையுடன் அனுமதிக்கும்படியும் அறிவித்தார்கள். சூரியன் நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு மணிக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதன் மாலையிலிருந்து சம்பங்கி உதிர்ந்தது.

இருப்பவர்களின் பெயர்கள் தீர்ந்தன. இல்லாதவர்களை எழுதினேன். தங்கமாரியப்பனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பெயரையும் எழுதினேன். வந்தார். நான் கடைசியாகத் தேய்த்துக் கொடுத்த அதே சட்டை. பின்வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார்களா என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார்.

அப்புறம் யாரும் இல்லை. கையில் ஒரு தாள் இருந்தது. அதில் எழுத ஒரு பெயர்கூட இல்லை.

நான் பிரிஜித்தாவிடம் ஓடினேன். கிழிசலைத் தாண்டி நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் இப்போது முழங்காலுக்கு மேலே. நீலச்சேலையின் மடிப்புகள் இறுகித் தகடாகியிருந்தன. இடுப்புக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் எண்கள் தெரிந்தன. அளவர் சாக்கட்டியோடு சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கடற்காகம் அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. முகம் மட்டும் அவள் முகம்தான். நெற்றியில் வேர்த்திருந்தது.

"சீக்கிரம் ஒரு பேரு சொல்லு" என்றேன். "யாரு பேருன்னாலும் சரி."

"எத்தன பேரட்டி எழுதிருக்க?"

"எண்ணல."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மைக்குல. எங்க டீச்சர் பேருகூட வந்துது. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் எப்பமோ சொன்ன."

அவள் சிரித்தாள். உள்ளே எங்கோ இரும்புத் தகடு அதிர்ந்தது.

"போதும், உலகு. அந்த மனுசனுக்குத் தொண்ட கட்டிட்டு."

"வரவேற்பு முடிஞ்சா உன்ன அவுத்து விட்டுருவாவ."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு ஒரு பேர."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "எனக்கு அம்பத்தெட்டு வயசு. இந்நாள் வரைக்கும் எல்லாரும் என்னைய வா, இரு, நில்லு, தை, புதன்கெழமைக்குள்ள குடுன்னு சொல்லிருக்காவ. போன்னு ஒருத்தர் சொன்னதில்ல. இப்ப அச்சடிச்சே போட்டிருக்காவ. நாலு மணின்னு நேரமும் போட்டிருக்காவ."

"எங்கட்டி போவ?"

"ஊர்ப் பேரு ஒண்ணும் தெரியல. 'போகிற வழியில் சொல்கிறேன்'னு எழுதிக் குடுத்தேன். அவிய ஒத்துக்கிட்டாவ."

"நானும் வாரேன்."

"நீ மெதக்க மாட்ட. ஊர்ப்பட்ட பேரத் தலைல வச்சிருக்க. முங்கிருவ."

அளவர் என்னை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார்.

"அப்ப சொவத்துக்கு அந்தப் பக்கம் யாருட்டி இருப்பா?" என்றேன்.

கடற்காகம் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாறியது.

"மிஷின் இருக்கும்" என்றாள். "நீ எடுத்துக்க. ஊசி மாத்தணும், மொன மழுங்கிட்டு. பதினாறாம் நம்பர் ஊசின்னு கேளு. சும்மா போட்டிராத, அப்பப்ப மிதி." பிறகு, "நீ சொன்னா இருந்திருவேன். அதான் உன்னக் கேக்கேன். இருக்கவா?" என்றாள்.

இரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீருக்கு அடியில் மறுகாலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். அதை அவள் கவனிக்கவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு மேடைக்குத் திரும்பினேன்.

தங்கமாரியப்பன் குனிந்து கையை நீட்டினார். என் கை காலியாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"அவ்வளவுதான் சார்."

அவர் மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். முடிப்பது எப்படி என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. "ஆக" என்றார். "ஆகவே" என்றார். பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பொன்னாடை ஒரு பக்கமாகச் சரிந்து அவருக்கு ஆறுதல் சொன்னது.

நன்றியுரைக்கு ஆள் தேடினார்கள். மேடையில் நாற்காலி உள்ளவர் நன்றி பெறத்தான் முடியும். சொல்ல முடியாது. நாற்காலி இல்லாத ஒருவர் வேண்டும். விழாக் குழுவினர் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. எல்லோருக்கும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

என்னை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

நன்றியுரை தொடங்கினால் ஜனங்கள் எழுந்து போவது வழக்கம். நான் தொண்டையைச் செருமியதும் எழுந்தார்கள். என் வீட்டுக்காரரும் எழுந்தார். எனக்குப் பின்னால் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. அடுத்த மாவட்டத்திலிருந்து மடக்கிக்கொண்டே வந்தார்கள்.

"ஒலி ஒளி அமைத்தவர்களுக்கு நன்றி" என்றேன். "காவல்துறைக்கு நன்றி. ஒத்துழைப்பு நல்கிய கடலுக்கு நன்றி."

கடல் ஒன்றும் சொல்லவில்லை.

"கப்பலுக்கு நன்றி" என்றேன்.

இவ்வளவோடு நிறுத்திவிடலாம் என்று மைக் செட்காரர் சைகை காட்டினார். நான் நிறுத்தவில்லை.

"குழாயில் தண்ணீர் வந்ததும் சுவரில் இரண்டு தட்டுத் தட்டியதற்கு நன்றி. மூன்று தட்டினால் மீன்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம், அதற்கும் நன்றி. என் ரவிக்கைகளுக்குப் பிற்காலத்துக்கென்று உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்ததற்கு நன்றி. பிற்காலத்தில் அந்த ஓர் அங்குலமும் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குத் தூக்கம் வராமல் இருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் மிஷின் ஓடும். ஆர்டர் நிறைய என்று காலையில் சொல்லுவாள். துணி இருக்கும் மிஷினின் சத்தம் வேறு, துணி இல்லாத மிஷினின் சத்தம் வேறு. எனக்குத் தெரியும். ஒரு வருஷம் அவள் வெறும் மிஷினை மிதித்தாள். அவளுடைய முழங்கால்களுக்கு நன்றி. இரண்டுக்கும்."

மைதானத்தில் யாரும் இல்லை. காக்கிச் சட்டைக்காரர் மட்டும் கயிற்றின் முடிச்சில் கையை வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி நின்றார். கடைசிச் சொல்லைச் சொன்னால்தான் உரை முடியும். சொல்லாதவரை முடியாது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம்" என்றார் மைக் செட்காரர். "கடைசி வார்த்தை."

"தெரியும்."

"அவசரம் இல்ல. சும்மா சொன்னேன்." அவர் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஃப்ளெக்ஸின் கிழிசலில் நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. அது இடமும் வலமும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"நன்றி" என்றேன். "வணக்கம்."

நான்கு மணி விழித்துக்கொண்டது. எழுந்து, மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையின் ஓரத்துக்கு வந்து நான்கு தடவை அடித்தது. காக்கிச் சட்டைக்காரர் முடிச்சை அவிழ்த்தார்.

பிரிஜித்தா புறப்பட்டாள். நொண்டவில்லை. முதல் அலையில் ஏறும்போது கொஞ்சம் தயங்கினாள். இரண்டாவதில் தயங்கவில்லை. அவளுக்கு இவ்வளவு அகலமான முதுகு இருந்தது எனக்குத் தெரியாது. அனுமதி வராத ஆறு சுரங்களையும் போலீஸ் பேண்டு சேர்த்து வாசித்தது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்றால் முழுசாகத் திரும்ப வேண்டியிருக்கும். ஆனால் துறைமுகச் சுவரைத் தாண்டும்போது ஒரு தடவை ஊதினாள். நீளமாக ஊதினாள். நான் கையைத் தூக்கினேன். வெகுநேரம் கழித்துத்தான் இறக்கினேன்.

அளவர் ஒரு பதிவேட்டோடு என்னிடம் வந்தார்.

"கப்பல் கரையில விட்டுப்போனதுக்குக் கையெழுத்து வேணும். ஒப்படைச்சாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்."

"என்னெல்லாம் விட்டிருக்கா?"

அவர் வாசித்தார். "ஒண்ணு, கைப்பை. ரெண்டு, மூக்குக்கண்ணாடி. மூணு, நீங்க."

"வாங்கிக்கிடுதது யாரு?"

"யாராவது வந்திருக்காங்களா?"

சுற்றிப் பார்த்தேன். மேடை இருந்த இடத்தில் மணல் இருந்தது.

"நானே வாங்கிக்கிடுதேன்."

"சரியாப் பாத்துக்குங்க. அப்புறம் குறை சொல்லக் கூடாது. என்ன நிலையில இருக்கு?"

நான் என்னை ஒரு தடவை பார்த்தேன். "கொஞ்சம் நனைஞ்சிருக்கு."

'நனைந்த நிலையில் பெறப்பட்டது' என்று எழுதி, பதிவேட்டைத் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் அவர் போட்டார். எழுத்துக் காய்வதற்காக ஊதினார்.

"ஜாக்கிரதையாக் கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றார். "ரோட்டுல வண்டி ஜாஸ்தி."

ரோடு காலையில் இருந்ததைவிட அகலமாக இருந்தது. லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஓர் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருந்தேன். கிடைத்ததும், என் இடது கையை என் வலது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, என்னைக் கடக்க வைத்தேன்.